நான் முந்திச் சொன்ன விடை

பிள்ளைகள் தாங்களாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு விடையை நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அதனால் ஒரு நல்ல ஆசிரியையின் வகுப்பு பறிபோனது. தெரியாமல் செய்துவிட்டதாகப் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்துதான் செய்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. பிளஸ் டூ வந்த புதிது. காரைக்காலில் நான் வேலை பார்த்த பள்ளியில் பொருளாதாரத்துக்கு இரண்டு பிரிவுகள். ஒன்றுக்கு நான். திருச்சியில் எம்.ஏ. படித்தவன்; நோட்ஸ் கொடுப்பதில் பேர் எடுத்தவன். நாகூர், நாகப்பட்டினம் பிள்ளைகள்கூட என் நோட்ஸை வாங்கிப் படியெடுத்துப் படித்தார்கள். அதில் எனக்கு நிறையவே கர்வம் இருந்தது.

இன்னொரு பிரிவு புதிதாக வந்த டீச்சருக்கு. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். அவர் பாடம் நடத்தமாட்டார். கேள்விதான் கொடுப்பார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள்தான் பாடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அவருடைய முதல் கேள்வியை நான் வராந்தாவில் நின்று கேட்டேன். எனக்கு அப்போது ஓய்வு பீரியட்.

“மண்டபத்தூர்ல மீன் நெறைய பட்ட அன்னைக்குக் கரையில எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்களா?” என்றார்.

“மீன் நெறைய பட்டா சந்தோஷந்தான டீச்சர்” என்றான் ஒரு பையன்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் சிரித்தாள். மண்டபத்தூர்க்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா விலை போகாமல் மிஞ்சும் மீனை மலிவாக வாங்கிக் கருவாடு போடுகிறவர்.

“ஏம்மா சிரிக்கிற?”

“இவன் வீட்ல மீன் சாப்புடுவாங்க டீச்சர். விக்கமாட்டாங்க.”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரித்துவிட்டு அந்தக் கேள்வியைக் கரும்பலகையின் வலது மூலையில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டார். அந்தக் கட்டத்துக்குள் யாரும் டஸ்டரைக் கொண்டுபோகக் கூடாது. அதற்கப்புறம் வந்த கணக்கு வாத்தியார், தமிழய்யா எல்லாரும் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மிச்ச இடத்தில்தான் எழுதினார்கள்.

கேள்வி கொடுத்ததும் பிள்ளைகளை நான்கைந்து பேராகப் பிரித்து உட்காரவைப்பார். ஒவ்வொரு கூட்டமும் மூன்று விஷயம் யோசிக்க வேண்டும். நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, தெரியாததை யாரிடம் கேட்கலாம். மூன்றாவதுதான் அவருக்கு முக்கியம். சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் கரைக்கும் கடைத்தெருவுக்கும் போவார்கள். பெரியவர்கள் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் மேரி என்றே சொல்லிக்கொண்டிருந்த நகராட்சி ஆபீசுக்கும் போவார்கள். திங்கட்கிழமை திரும்பி வந்து சண்டை போடுவார்கள். ஒருவன் கேட்டுவந்தது இன்னொருவன் கேட்டுவந்ததோடு ஒத்துப்போகாது. டீச்சர் யார் பக்கமும் பேசமாட்டார். “அது உனக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்பார். அதைக் கேட்கும்போது குரலில் குத்தல் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதுபோல இருக்கும்.

மீன் கேள்வி ரொம்ப நாள் ஓடியது. கடைசியில் ஒரு பையன் எழுந்து, “வெல எவ்வளவு எறங்கினாலும் சனங்க ஒரு அளவுக்கு மேல வாங்கமாட்டாங்க டீச்சர். வவுறு ஒண்ணுதான இருக்கு. இன்னைக்குப் புடிச்ச மீனு நாளைக்கு ஆகாது. அதனால நெறைய பட்டா கையில வர்றது கொறைஞ்சு போவுது” என்றான். அன்றைக்குத்தான் அவர் ‘தேவை நெகிழ்ச்சி’ என்ற சொல்லைப் பலகையில் எழுதினார். பொருள் பிடிபடுகிறவரை பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவருடைய முறை. நான் அதே சொல்லை ஒரே பீரியடில் வரையறை, படம், எடுத்துக்காட்டு என்று முடித்துவிடுவேன். என் பிள்ளைகள் அதை எழுதிக்கொள்வார்கள், மறப்பார்கள், பரீட்சைக்கு முன்னால் திரும்ப மனப்பாடம் செய்வார்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பரீட்சை மார்க்கில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. அவருடைய பிள்ளைகள் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கமாட்டார்கள்.

தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம். புதுச்சேரி ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில் சாராயக்கடைகள் உண்டு. அவற்றில் பாதி எல்லையை ஒட்டித்தான் இருந்தன. “கடை வைக்கிறவங்க ஊர் நடுவுல வைக்காம ஏன் வயக்காட்டு ஓரமாப் போயி வைக்கிறாங்க?” என்று ஒரு கேள்வி கொடுத்துவிட்டார். தலைமையாசிரியர் பதறிப்போய்க் கூப்பிட்டு விசாரித்தார். நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன்.

“சாராயக்கடையப் பத்தியா டீச்சர் பாடம் நடத்துறீங்க?”

“கடையப் பத்தி இல்லைங்க சார். அது நிக்கிற எடத்தப் பத்தி.”

“பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

“பெத்தவங்கள்ல ரெண்டு பேர் கடை வச்சிருக்காங்க சார். அவங்களத்தான் பிள்ளைங்க மொதல்ல கேட்டுட்டு வந்திருக்காங்க.”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆசிரியர் அறையில் நான் அவரைக் கிண்டல் செய்வேன். “டீச்சருக்கு இன்னைக்கு எந்தக் கடைத்தெரு?”

“உங்க தெருதான் சார். அங்க ரெண்டு மருந்துக்கடை எதிரும் புதிருமா இருக்குல்ல. ஊரெல்லாம் எடம் கெடக்க ஏன் ஒண்ணுக்கு எதுத்தாப்புல இன்னொண்ணுன்னு பிள்ளைங்க கேக்குறாங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

அந்த இரண்டு கடைகளிலும் பல வருடமாக மருந்து வாங்கியவன் நான். ஒருநாளும் அப்படி யோசித்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது இரண்டு கடைக்கும் நடுவில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேள்விகள் எல்லாமே பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு கேள்வி வாரக்கணக்கில் எங்கும் போகாமல் நின்றது. ஒருநாள் அவரே கட்டத்தை அழித்துவிட்டு, “எனக்கும் தெரியலப்பா. நான் கேள்வியே சரியாக் கேக்கல போல” என்றார். ஒரு வாத்தியார் வகுப்பில் நின்று அப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. நான் சொன்னதுமில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பொறாமை முற்றியதும் அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். என் பிரிவுப் பையன்கள் சிலர் ஓய்வு நேரத்தில் அவர் வகுப்பு வராந்தாவில் போய் நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்த வருடம் நடுவில் புதுச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. இந்த முறையைப் பற்றி யாரோ மேலே சொல்லியிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, நான் இல்லை. தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார். “அவர் பார்த்துட்டு சரின்னு எழுதினா டீச்சர் இப்படியே நடத்தலாம். இல்லைன்னா பிளஸ் டூவுக்கு வேற ஆளப் போடச் சொல்லிடுவாங்க. டீச்சர் இங்க தற்காலிகமாத்தான் இருக்காங்க, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க.”

“சரிங்க சார். அவர் வர்றப்போ பிள்ளைங்க எந்தக் கேள்வியில இருக்காங்களோ அதையே பாக்கட்டும்” என்றார் டீச்சர்.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஐஸ் கேள்வி. திருமலைராயன்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனி வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மதியம் டீச்சரின் உறவில் ஒருவர் இறந்து அடக்கம். போயே ஆக வேண்டும். கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

“சார், கடைசி பீரியட் என் கிளாஸக் கொஞ்சம் பாத்துக்குங்க. ஒண்ணும் சொல்லிக்குடுக்க வேண்டாம். சண்ட போட்டா போடட்டும். அடிதடி ஆகாமப் பாத்துக்கிட்டாப் போதும்.”

“போயிட்டு வாங்க டீச்சர். நான் இருக்கேன்” என்றேன்.

நான் உள்ளே போனபோது மண்டபத்தூர்ப் பெண் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். “ஐஸ் வந்தா மிச்ச மீனு இருக்காது. மிச்ச மீனு இல்லைன்னா எங்கம்மா எதக் காயவைக்கும்?”

பட்டினத்து மீன் வியாபாரியின் மகன் எதிர்ப்பக்கம். “உங்கம்மா ஒருத்திக்காக ஊரே ஐஸ் வேணாம்னு இருக்கணுமா?”

“உங்க வாப்பா ஒருத்தருக்காக எங்கம்மா சும்மா உக்காரணுமா?”

இருவர் கண்ணிலும் கோபமும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன. நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். மறுநாள் அதிகாரி இதைப் பார்த்தால் போதும், டீச்சருக்கு எல்லாம் கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அப்புறம் என் நோட்ஸுக்கு என்ன மதிப்பு என்றும் தோன்றியது. அந்த இரண்டு எண்ணமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததை இன்றும் மறக்கவில்லை.

“சரி, எல்லாரும் உக்காருங்க” என்றேன். “நாளைக்கு அதிகாரி வர்றாரு. அவர் முன்னாடி இப்படிச் சந்தை மாதிரி கத்தினா டீச்சர் பேர்தான் கெடும். நோட்டு எடுங்க.”

“டீச்சர் நாங்களேதான் கண்டுபுடிக்கணும்னாங்க சார்” என்றாள் அந்தப் பெண்.

“கண்டுபிடிச்சாச்சுல்ல. இப்ப ஒழுங்கா எழுது.”

ஐஸ் உற்பத்தி நிலையத்தினால் விளையும் நன்மைகள் பின்வருமாறு என்று ஆரம்பித்து வரிசையாகச் சொன்னேன். பிறகு தீமைகள். பிள்ளைகள் தலைகுனிந்து எழுதினார்கள்.

“சார், கருவாடு இதுல எங்க வருது?” என்று கேட்டாள்.

“அது சின்ன விஷயம். தீமைகள்ல நாலாவதா போட்டுக்க.”

போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியரும் நானும். டீச்சர் பலகை மூலையிலிருந்த கேள்வியைக் காட்டி, “நேத்து எதுல விட்டீங்க? யாராவது சொல்லுங்க” என்றார். முந்தின நாள் நடந்தது அவருக்குத் தெரியாது.

மண்டபத்தூர்ப் பெண்தான் முதலில் எழுந்தாள். கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, “ஐஸ் உற்பத்தி நிலையத்தினால் விளையும் நன்மைகள் பின்வருமாறு” என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அவளுக்குப் பிறகு அடுத்தவன். அவனும் அதே வாக்கியம். அதற்குப் பின்னால் வியாபாரி மகன். அதே வரிசை, அதே சொற்கள். டீச்சரின் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன்.

“கருவாடு என்னம்மா ஆச்சு?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“தீமைகள்ல நாலாவது டீச்சர்.”

அதிகாரி சிரித்தார். “நாடகம் நல்லாருக்கு டீச்சர். ஒத்திகை எப்ப ஆரம்பிச்சீங்க? பிள்ளைங்க தாங்களே கண்டுபிடிக்கிறாங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் ஒரே வார்த்தையிலயா கண்டுபிடிப்பாங்க?” பிள்ளைகளைப் பார்த்து, “பொய் சொல்லிப் பழகாதீங்கப்பா” என்றார்.

டீச்சர் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் எழுந்து, ‘அது நான் சொல்லிக்கொடுத்தது’ என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. நான் கையிலிருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் யார் பெயரையும் சொல்லவில்லை.

உத்தரவு சீக்கிரமே வந்தது. புத்தகத்தை முறையாக நடத்தி முடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மறுநாள் டீச்சர் என்னிடம் வந்து, “சார், உங்க நோட்ஸ் ஒரு செட் குடுங்க. பிள்ளைங்க பரீட்சை எழுதணும்ல” என்றார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். கொடுத்தேன். அந்த வருடம் முடிந்ததும் அவரைத் திருவேட்டக்குடி நடுநிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். பிளஸ் டூ வகுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

வருடங்கள் ஓடின. எண்பதுகளின் நடுவில் ஓர் அரையாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நோட்ஸ் சொல்லும்போது நான் வாய்தவறி ஓர் எடுத்துக்காட்டைத் தலைகீழாகச் சொல்லியிருந்தேன். விலை ஏறினால் தேவை கூடும் என்று. அத்தனை தாளிலும் அது அப்படியே இருந்தது. கெட்டிக்காரப் பையன் தாளிலும் இருந்தது. ஒருவருக்கும் ‘இது எப்படி?’ என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கக் கூடாது என்று நான்தானே பழக்கியிருந்தேன். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை திருவேட்டக்குடிக்குப் போனேன். அரை நாள் பள்ளி. டீச்சர் ஏழாம் வகுப்பில் இருந்தார். வாசலில் ஐஸ் விற்கிறவர் மழைக்காலத்தில் ஏன் வறுகடலைக்கு மாறிவிடுகிறார் என்று பிள்ளைகளோடு விவாதம் நடந்துகொண்டிருந்தது. “அவருக்குக் கடலைதான் புடிக்கும் டீச்சர்” என்றது ஒரு பொடிசு. “அது உனக்கு எப்படித் தெரியும்?” என்றார் டீச்சர். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. இத்தனைக்கும் பிறகு அவர் தன் முறையை விடாமல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

மணி அடித்ததும் வந்தார். “வாங்க சார். என்ன இவ்வளவு தூரம்?”

சொன்னேன். சுற்றி வளைக்காமல், பொறாமையையும் சேர்த்துச் சொன்னேன்.

“தெரியும் சார்” என்றார். “‘பின்வருமாறு’ன்னு பேசுற பிள்ளை எங்கிட்ட கெடையாது.”

“அன்னைக்கே என் பேரச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா பிள்ளைங்கள நிறுத்தி வச்சு, யார் சொல்லிக்குடுத்ததுன்னு கேப்பாங்க. ஏற்கெனவே பொய்யின்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல வேறயா?”

புதுச்சேரிக்கு எழுதுகிறேன் என்றேன்.

“எழுதுங்க. வேணாங்கல. ஆனா அந்தப் பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களா?”

நான் அவர்களை நினைத்துப் பார்த்ததே இல்லை. என் குற்றம் இவரோடு முடிந்தது என்றே இருந்துவிட்டேன்.

“அந்த மண்டபத்தூர்ப் பொண்ணு அப்புறம் என் மூஞ்சியப் பாக்கவே இல்ல சார். கடைத்தெருவுல பாத்தாக்கூட ஒதுங்கிப் போயிடுது. நான் ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்தேன். நிக்கல. கையெழுத்துப் போட்ட உத்தரவெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. அது மட்டும் பழகல.”

புதுச்சேரிக்கு எழுதினேன். அந்த அதிகாரி ஓய்வு பெற்றுவிட்டார், பழைய விஷயம் முடிந்துவிட்டது என்று சுருக்கமாகப் பதில் வந்தது. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். “இப்ப எதுக்கு சார் அதெல்லாம்?” என்றார் ஒருவர். பிறகு அந்த வகுப்புப் பிள்ளைகளைத் தேடினேன். சிலர் பிரான்ஸுக்குப் போய்விட்டிருந்தார்கள். வியாபாரியின் மகன் அப்பாவின் கடையில் உட்கார்ந்திருந்தான். “நான் அன்னைக்கே மறந்துட்டேன் சார்” என்று டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்தப் பெண் மண்டபத்தூர் பால்வாடியில் டீச்சராக இருந்தாள். நான் போனபோது குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, “உக்காருங்க சார்” என்று இருந்த ஒரே நாற்காலியைத் தள்ளினாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

அவள் ஒரு குழந்தையின் முகத்தில் உட்கார்ந்த ஈயை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் மொதல்ல எந்திரிச்சதாலதான் எல்லாம் கெட்டுதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன் சார்” என்றாள். “டீச்சருக்கு நல்லது பண்றோம்னு அன்னைக்கு வீட்டுல உக்காந்து நெட்டுரு போட்டேன். எங்கம்மாகிட்ட ஒப்பிச்சேன். அது மீன் அலசிக்கிட்டே கேட்டுச்சு. ‘நான் நாலாவதா?’ன்னு சிரிச்சுது. அப்பவாச்சும் எனக்குத் தோணியிருக்கணும்.”

“உனக்குத் தோணுச்சும்மா. நீ என்னைக் கேட்டே. நான்தான் அடக்கிட்டேன்.”

“சார் சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “இத நீங்க அப்பவே சொல்லியிருந்தா நான் மேல படிச்சிருப்பேன். டீச்சர் இருக்குற பக்கமே போக முடியாம, படிப்பே வேணாம்னு விட்டுட்டேன்” என்றாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தினாள். குழந்தைகள் எழுந்துவிடுவார்கள் என்பதுபோல. “அதெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க சார். என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

“டீச்சரைப் பாக்கணும்னா நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீங்க வேணாம். நான் போயிக்கிறேன்.”

வாசல்வரை வந்தாள். அது அவளுடைய மரியாதை.

அவள் போனாளா என்று பல மாதம் எனக்குத் தெரியாது. மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் டீச்சரைப் பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்தார். “அந்தப் பொண்ணு வந்துது சார். வாசல்ல நின்னு அழுதுது. அப்புறம் உள்ள வந்து சாப்பிட்டுட்டுத்தான் போச்சு.” நன்றி என்றோ, பரவாயில்லை என்றோ அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. என்னோடு பேசும்போது அவரிடம் முன்பிருந்த அந்தச் சகஜம் கடைசிவரை திரும்பவே இல்லை.

அதற்கு அடுத்த வருடம் அவள் தபால் வழியில் பி.ஏ. சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாடம் பொருளாதாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் டீச்சர் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாளாம். இரண்டு பேரும் போடும் சத்தம் தெருவரை கேட்கிறது என்று தையல்கடைப் பையன் சொன்னான். ஒருமுறை டீச்சர் மூலமாக என்னிடம் ஒரு புத்தகம் கேட்டனுப்பினாள். கொடுத்தனுப்பினேன். படித்து முடித்ததும் அட்டை போட்டுத் திருப்பி அனுப்பினாள். நேரில் வரவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.